ஓசூரில் 200, அத்திப்பள்ளியில் 1,000: புகைக்கான அபராதத்தை யார் கட்டுகிறார்கள்?

ஓசூர் பேருந்து நிலையத்தில் பீடி பற்றவைத்துப் பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். ஜூஜூவாடியைத் தாண்டி, பெங்களூரு வாசலான அத்திப்பள்ளியில் அதே பீடிக்கு 1,000 ரூபாய். இடையில் இருப்பது ஒரு மாநில எல்லை மட்டுமே. வேலைக்காக அதைத் தினமும் கடப்பவர்கள் நம் மக்கள்.

2003ஆம் ஆண்டின் மத்திய புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரு ஊர்களுக்கும் பொது. கர்நாடகம் அதைத் திருத்தியது. 2025இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம் அபராதத்தை ஐந்து மடங்காக்கியது. புகையிலை வாங்கும் வயதை 18இலிருந்து 21 ஆக்கியது. ஹூக்கா பார்களைத் தடைசெய்தது. தமிழ்நாடும் தன் திருத்தத்தால் ஹூக்கா பார்களைத் தடைசெய்தது. ஆனால் அபராதத்தையும் வயதையும் தொடவில்லை.

மின்சிகரெட் விஷயத்தில் எல்லை கிடையாது. 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நாடு முழுக்க அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் தடைசெய்கிறது. விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இழுப்பவரைத் தண்டிக்க அதில் தனிப் பிரிவு இல்லை. ஆக, பேருந்து நிறுத்தத்தில் பீடி பிடிப்பவருக்கு நேரடித் தண்டனை இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வேப் வாங்கி இழுப்பவருக்கு அந்தச் சட்டத்தில் அப்படியொன்று இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள் தோழர்களே. மூலச் சட்டம் ‘பொது இடம்’ என்பதிலிருந்து திறந்தவெளியை விலக்கியது. 2008 விதிகள் பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டு அரங்கம் போன்றவற்றை உள்ளே கொண்டுவந்தன. அதே மத்தியச் சட்டம் 30 அறைகள் கொண்ட விடுதியிலும், 30 பேர் அமரும் உணவகத்திலும், விமான நிலையத்திலும் புகைக்கத் தனி இடம் ஒதுக்க அனுமதிக்கிறது. காசு உள்ளவருக்கு அறை, இல்லாதவருக்கு ரசீது. 1,000 ரூபாய் என்பது ஒரு சித்தாளின் ஒரு நாள் கூலியை முழுசாக விழுங்கிவிடும். நட்சத்திர விடுதி வாடிக்கையாளருக்கு அது ஒரு காபிச் செலவு.

இதற்காகப் புகைக்கும் உரிமை கேட்கச் சொல்லவில்லை. புகையிலை முதலில் கொல்வது உழைக்கும் மக்களைத்தான். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பவர்களில் டீக்கடைப் பையனும் பூ விற்கும் அக்காவும் உண்டு. வீசப்படும் சிகரெட் துண்டுகளைக் காலையில் கூட்டுவது தூய்மைப் பணியாளர்கள். அவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதியினர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொது இடத்தில் சுத்தமான காற்று நமக்கும் வேண்டும். கட்டுப்பாடு வேண்டும். அதன் சுமை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அபராதத்தை உயர்த்துவது அரசுக்குச் சுலபம். பழக்கத்தை விட உதவுவது கடினம். 1800-11-2356 என்ற இலவச உதவி எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது. பீடியைச் சில்லறையாக வாங்குபவர் கைக்கு அந்தப் பெட்டி வருவதில்லை. கட்டுமானத் தளங்களுக்கும் சிப்காட் வாசலுக்கும் ஆலோசகரை அனுப்புங்கள் என்று இரு அரசுகளிடமும் கேட்போம்.

மாணவர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரு மாநிலங்களிலும் மனுப் போடுங்கள். கடந்த ஆண்டு எத்தனை அபராதங்கள்? பேருந்து நிலையத்தில் எத்தனை, விடுதிகளில் எத்தனை, ஐ.டி. வளாகங்களில் எத்தனை? வேப் விற்றதற்கு எத்தனை வழக்குகள்? இடவாரியாகக் கேளுங்கள். சட்டம் யார் சட்டைப் பையில் கைவைக்கிறது என்பதை அந்தப் பட்டியலே காட்டிவிடும்.