இருப்புச் சான்றும் ஈமானும்



அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் சேர விரும்பும் வெளிநாட்டு மாணவருக்கு மதிப்பெண் சான்றிதழும் ஆங்கிலத் தேர்வு முடிவும் மட்டும் போதா. முதலாண்டுச் செலவுக்குப் பணம் உண்டென்று சான்று காட்டினால்தான் ஐ-20 படிவம் கிடைக்கும். அஃதின்றி எஃப்-1 விசா இல்லை.

இவ்விடத்தில்தான் நம்மில் சிலர் சறுக்குகின்றனர். பிறர் பணத்தைச் சில நாள்களுக்குக் கணக்கில் இட்டுக் காட்டி, வட்டியுடன் திருப்பிவிடுகின்றனர். ‘கல்விக்காகத்தானே!’ என்று சமாதானமும் சொல்கின்றனர். கல்வி தேடுவது கடமையே. ஆயினும் பொய்ச் சாட்சியும் வட்டியும் அக்கடமைக்கு வழியாக மாட்டா. உலகியல் நோக்கிலும் இது பேதைமையே. காட்டிய பணம் திரும்பிச் சென்றபின் அடுத்த பருவக் கட்டணத்தை எவர் செலுத்துவது? எஃப்-1 மாணவர் பாடக் காலத்தில் வளாகத்தினுள் வாரம் 20 மணி நேரமே பணிபுரியலாம். அவ்வருவாய் கட்டணத்துக்கு எட்டாது.

இல்லாமை இழிவன்று, அதை மறைக்கவும் வேண்டியதில்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை வெளிநாட்டவரின் பண வசதியைக் கருதாமலே தேர்ந்தெடுத்து, தேவை முழுமைக்கும் உதவுகின்றன. அங்கே இடம் கிடைப்பது அரிது. கிடைக்காவிடில், கடனற்ற உள்ளூர்க் கல்லூரியும் கண்ணியமானதே.

நபித்துவத்துக்கு முன்னரே அண்ணலார் (ஸல்) ‘அல்அமீன்’ என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களின் உம்மத்தாகிய நம் பிள்ளைகள், வாழ்வின் வாயிலிலேயே பொய்யான ஆவணத்தில் ஒப்பமிடலாமா? பெற்றோரே, சிந்தியுங்கள்.

வாய்மையோடு கூடிய கல்வியை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.