பூட்டி வைத்தால் கெட்டுப் போகும்!
பழைய செல்லுலாய்டுப் பொருள்கள் வைத்திருப்போர் கவனத்துக்கு

அருமையான பொருள் என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டுவது நம் வீட்டு வழக்கம். தங்கத்துக்கு அது சரி. வெள்ளிக்கும் சரி. ஆனால் பழைய செல்லுலாய்டுக்கு அது சரியே அல்ல! பூட்டி வைத்தால் அது தானும் கெடும். பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

கற்பூரம் கலந்த பொருள்

செல்லுலாய்டு என்பது பிளாஸ்டிக்குகளுக்கு எல்லாம் மூத்த அண்ணன். தந்தத்துக்குப் பதிலாகப் பில்லியர்ட்ஸ் பந்து செய்ய ஒரு பொருளைத் தேடியவர் அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹையாட். அவர் 1870-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

பிறகு சீப்பு, பொம்மை, வளையல், பேனா, மூக்குக் கண்ணாடிச் சட்டம் எல்லாம் இதில் வந்தன. தாத்தா, பாட்டி விட்டுச் சென்ற பெட்டியில் இவற்றில் ஒன்றாவது இருக்கலாம்.

பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, அதில் கற்பூரம் சேர்த்தால் செல்லுலாய்டு கிடைக்கும். ஆம், கற்பூரம்தான்! விரலால் சூடு வரத் தேய்த்தால் கற்பூர மணம் வீசும்.

திறந்து வைத்த கற்பூரம் என்ன ஆகும்? காற்றில் கரைந்து போகும். செல்லுலாய்டில் உள்ள கற்பூரமும் பல ஆண்டுகளில் அப்படியே மெல்ல மெல்லப் போய்விடுகிறது. பொருள் சுருங்குகிறது, விரிசல் விடுகிறது.

நச்சு ஆவி

அதைவிடப் பெரிய தொல்லை வேறு. பஞ்சுடன் சேர்ந்த நைட்ரேட் நாளடைவில் பிரிந்து ஆவியாக வெளியேறுகிறது. அந்த ஆவி ஈரத்துடன் சேர்ந்தால் மீண்டும் நைட்ரிக் அமிலம்! மூடிய பெட்டிக்குள் அது எங்கே போகும்? அங்கேயே சுற்றுகிறது. செல்லுலாய்டு இன்னும் வேகமாகக் கெடுகிறது.

பேனாவின் பித்தளைக் கொக்கி பச்சை பூக்கிறது. அருகில் உள்ள கடிதம் மஞ்சளாகி நொறுங்குகிறது. புகைப்படம் மங்குகிறது. அழுகிய மாம்பழம் ஒன்று கூடை முழுவதையும் கெடுப்பது போலத்தான் இது.

"ஒரு பழைய சீப்புக்கு இவ்வளவு கவலையா?" என்று சிலர் கேட்கலாம். சீப்பு போனால் போகட்டும். அதன் பக்கத்தில் இருக்கும் தாத்தாவின் கையெழுத்து போனால், அதை எந்தக் கடையில் வாங்க முடியும்?

தீயும் உண்டு

செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். அந்தக் காலத்துச் சினிமாச் சுருளும் இதே இனம்தான். புனே நகரில் 2003 ஜனவரியில் ஒரு படக் கிடங்கு தீப்பிடித்து, பழைய படச் சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின. கொலுப்படியில் செல்லுலாய்டு பொம்மை வைப்போர் விளக்கைத் தூரத்தில் வைக்க வேண்டும். உடைந்த துண்டை அடுப்பில் போடவே கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

* செல்லுலாய்டுப் பொருளைத் தனியே பிரித்து வையுங்கள். உலோகம், காகிதம், புகைப்படம் அதன் அருகே வேண்டாம்.

* பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். துளையிட்ட அட்டைப் பெட்டி போதும்.

* வெயில் படாத, ஈரமில்லாத, குளிர்ந்த இடம் நல்லது.

* சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு, கண்ணாடி நொறுங்கியது போன்ற விரிசல், மூக்கைத் துளைக்கும் நெடி - இவை ஆபத்தின் அடையாளங்கள். அப்படிப்பட்டதை மற்றச் செல்லுலாய்டுப் பொருள்களிடமிருந்தும் உடனே விலக்குங்கள்.

* கெட்டுப் போகத் தொடங்கியதைப் பழையபடி ஆக்க முடியாது. ஆகவே, நன்றாக இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இதற்கெல்லாம் பணச் செலவு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுது போதும். முன்னோர் கொடுத்ததைக் காப்பது என்றால் பூட்டிவிட்டு மறந்துவிடுவது அல்ல. அவ்வப்போது திறந்து பார்ப்பது!