பூனைக்குச் சேர வேண்டிய கூலி

ஐரோப்பாவில் மான்டிநீக்ரோ என்றொரு சிறிய நாடு. அதன் கடற்கரையில், மலைகள் சூழ்ந்த வளைகுடாவின் ஓரமாக, கோட்டோர் என்ற மதில் நகரம் இருக்கிறது. 1420 முதல் 1797 வரை வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்த துறைமுகம். 1979ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊரின் கல் பாவிய சந்துகளில் எங்கு திரும்பினாலும் பூனைகள். பண்டைக் காலத்தில் கப்பல்களில் எலி பிடிக்க வந்தவை அப்படியே கரையிறங்கித் தங்கிவிட்டன என்று சொல்கிறார்கள். கோட்டோர் என்றாலே பூனை என்னும் அளவுக்கு இன்று பெயர் பரவிவிட்டது.

அந்த ஊரில் 2013ல் பூனைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. பூனை இடம்பெற்ற பழைய அஞ்சலட்டைகள், அச்சுப் படங்கள், பத்திரிகை விளம்பரங்கள், பதக்கங்கள் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள்கள்தான் அங்கே உள்ளவை. அவற்றில் பெரும்பகுதி வெனிஸிலிருந்து நன்கொடையாக வந்தது. நுழைவுக் கட்டணமும் சொற்பமே. ஆனால் அந்தச் சொற்பக் காசு எதற்காக என்பதுதான் விஷயம். வெளியே தெருவில் திரியும் பூனைகளின் பராமரிப்புக்கு அது உதவுகிறது. உள்ளே படத்தில் இருக்கும் பூனை சம்பாதிக்கிறது, வெளியே பசியோடு இருக்கும் பூனை சாப்பிடுகிறது!

"பூனைக்கு ஒரு மியூசியமா!" என்று நம்மில் பலர் சிரிக்கக் கூடும். சிரிக்குமுன், பூனையிடம் நாம் பட்டிருக்கும் கடனைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம்.

மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பெரும்பாறையை நம்மில் பார்க்காதவர் குறைவு. அர்ச்சுனன் தபசு என்பார்கள் சிலர், பகீரதன் தவம் என்பார்கள் சிலர். எவருடைய தவமாயினும், அங்கே முன்னங்கால்களை உயரத் தூக்கி, பின்னங்கால்களில் நின்று, காலடியில் எலிகள் சூழத் தவமிருக்கும் பூனையைக் கண்டு புன்னகைக்காதவர் கிடையாது. பாரதத்தின் உத்தியோக பருவத்தில் இந்தப் போலித் தவசிப் பூனையின் கதை வருகிறது. கம்பரோ, இராமகாதை பாடப் புகுந்த தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்க முனைந்த பூனைக்கே ஒப்பிட்டுக் கொண்டார்.

நாம் வந்து குடியேறிய இந்தக் கொல்கத்தா மட்டும் சளைத்ததா? காளிகாட் கோயிலைச் சுற்றி வாழ்ந்த பட்டுவா ஓவியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்கு மலிவு விலையில் வரைந்து விற்ற படங்களில், வாயில் இறாலோ மீனோ கவ்வி நிற்கும் பூனை மிகவும் பிரசித்தம். நெற்றியில் நாமமும் இட்டு, வேஷதாரிச் சாமியார்களைக் கிண்டல் செய்தார்கள். லண்டன் மியூசியம் வரை போயிருக்கிறது அந்தப் பூனை. பின்னர் ஜாமினி ராயும் பூனையை வரைந்தார். நமக்குச் சஷ்டி என்றால் முருகன் நினைவு வரும். வங்காளிகளுக்கோ சஷ்டி, குழந்தைகளைக் காக்கும் தேவி. அவளுடைய வாகனம் பூனை.

இத்தனை சிற்பம், இத்தனை ஓவியம், இத்தனை பழமொழி. எல்லாவற்றுக்கும் மாடலாக நின்ற அந்தப் பிராணிக்கு நாம் கொடுத்த கூலி என்ன? குறுக்கே வந்தால் சகுனத்தடை என்று ஒரு வசவு. வீட்டுப் பரணில் குட்டி போட்டால், கோணிப்பையில் கட்டி அடுத்த பேட்டையில் விட்டுவிட்டு வருவது. இப்படிப் பட்டினியில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கண் திறக்காத குட்டிகள் தாயில்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும்?

"மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் பூனைக்கு என்ன உபசாரம்?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கோட்டோரில் யாரும் ஏழையின் தட்டிலிருந்து எடுத்துப் பூனைக்குப் போடவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவரிடம், பார்த்ததற்கு விலையாகக் கொஞ்சம் வாங்குகிறார்கள். சினிமாவுக்கும் சிற்றுண்டிக்கும் நாம் செலவிடும்போது எழாத இந்தக் கேள்வி, பூனை என்றதும் மட்டும் ஏன் எழ வேண்டும்?

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. சோறு போடுவது மட்டும் தர்மமாகிவிடாது. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே தாயாகிவிடக் கூடும். கர்ப்ப காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுகூட உண்டு. மீன் துண்டு போட்டுவிட்டு மற்றதைக் கடவுளிடம் விட்டால், அடுத்த ஆண்டு அதே மாடிப்படியின் கீழ் பத்துக் குட்டிகள் பசியால் கத்தும். அக்கம்பக்கத்தாரோடு சண்டையும் மூளும். சோற்றோடு கருத்தடையும் சேர்ந்தால்தான் அது முழு உதவி. சுற்றுலாப் பயணிகள் கோடையில் கொஞ்சிவிட்டுப் போய்விடலாம். குளிர்காலத்தில் பூனைக்கும் வயிறு இருக்கிறதல்லவா? ஆகவேதான், ஆண்டு முழுவதும் சிறிதளவேனும் வருமானம் தரும் ஓர் ஏற்பாடு, ஒருநாள் இரக்கத்தைவிட மேலானது என்கிறேன்.

தெரு நாய்களுக்காக 2001ல் கருத்தடை விதிகள் வந்தன. 2023ல் அவை மாற்றி எழுதப்பட்டன. நீதிமன்றங்களிலும் பத்திரிகைகளிலும் வாதங்கள் நடக்கின்றன. பூனை சத்தம் போடாமல் மதில்மேல் நடக்கிற பிராணி. அதனால்தானோ என்னவோ, அதன் பேச்சு அதிகம் எழுவதில்லை.

மியூசியம் கட்ட நம்மிடம் பணமில்லை. வேண்டவும் வேண்டாம். சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு மூலையை ஒதுக்கினால் போதும். நம் குழந்தைகள் பூனைப் படங்கள் வரையட்டும். மாமல்லபுரத்துத் தவசிப் பூனையின் புகைப்படமும், காளிகாட் பூனையின் பிரதியும் பக்கத்தில் தொங்கட்டும். பார்க்க வருபவரிடம் பத்து ரூபாய் வாங்குவோம். சேர்ந்த தொகையை அப்படியே ஒரு பிராணி வைத்தியரிடம் கொடுத்து, லேக் மார்க்கெட் மீன் கடைகளைச் சுற்றித் திரியும் பூனைகளில் முடிந்தவரை சிலவற்றுக்குக் கருத்தடை செய்விப்போம். இரண்டு பூனைக்கே பணம் போதுமானதாக இருந்தாலும் பாதகமில்லை. வரவு செலவுக் கணக்கை இந்த இதழிலேயே வெளியிடலாம்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கூலி கொடுப்பது யார் என்றும் இனிக் கேட்போமே. சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும் யோசிக்க வேண்டுகிறேன்.