அருளப்பசாமிக்கு யார் படகு கொடுப்பது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்து வடக்கனந்தலுக்குக் கடல் கிடையாது. கல்வராயன் மலையும் கோமுகி அணையும்தான். இருந்தும் குடிநோய் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களிடம் பேசும்போது நான் எடுத்துக்காட்டுவது ஒரு கடற்கரைப் படத்தை: சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012).

வீட்டுத் தரைக்கடியில் கிடைத்த எலும்புக்கூட்டிலிருந்து கதை பின்னோக்கிப் போகிறது. கடலில் கண்டெடுத்து வளர்க்கப்பட்ட அருளப்பசாமி (விஷ்ணு), குடிக்கக் காசு கேட்டு வருவோர் போவோரிடம் கையேந்துகிறான். குடியைப் பாட்டாகவும் காமெடியாகவும் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கை உறுத்துகிறது.

காதலி எஸ்தரின் அன்பில் அவன் திருந்துவதுதான் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நாள்பட்டுக் குடித்தவர் சட்டென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம் முற்றி வலிப்பு வரலாம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார். அதற்குத் தயமின் ஊசியும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் வேண்டும், ஜெபம் போதாது.

படம் வலுப்பெறுவது அதற்கப்புறம். அவன் குடியை விட்டாலும் ஊர் அவனை விடுவதாக இல்லை. மீனவனாகப் பிறக்காதவனுக்குக் கடலில் என்ன வேலை என்கிறார்கள். நேற்றுவரை குடிகாரனாக இருந்தவனை நம்பிப் படகு கட்டித் தர ஓர் உதுமான் கனி (சமுத்திரக்கனி) வரவேண்டியிருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள். மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுபோனார்கள். 2025-இல் ‘கலங்கரை’ என்று 25 போதை மீட்பு மையங்கள் மாநிலமெங்கும் வந்தன. நல்லதுதான். சிகிச்சை முடித்து ஊர் திரும்புகிறவருக்கு என்ன வைத்திருக்கிறோம்? “காசு கையில வந்தா நேரா கடைக்குத்தான் போவான்” என்று மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடமாட்டார். வீட்டில் அரிசிப் பானைக்குள் பணத்தை ஒளிப்பார்கள். பழைய கூட்டாளி மட்டும் பொழுது சாய்ந்ததும் வாசலில் வந்து நிற்பான். மறுபடி குடிப்பவர்களில் பலர் சறுக்குவது இந்த முதல் சில மாதங்களில்தான்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு கறவை மாட்டுக் கடனையும் சேர்த்துத் தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம். கடனை மனைவி பேரில் எழுதினாலும் சரி, மாட்டைக் கட்டிப் பால் கறப்பது குடியை விட்டவர் வேலையாக இருக்கட்டும். திருப்பிக் கட்டுவாரா என்று வங்கி மேலாளர் கேட்பார். சிலர் கட்டமாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

– கட்டுரையாளர், மனநல மருத்துவர்