கேட்டு வாங்கிய மும்பையும் கேட்க ஆளில்லாத சென்னையும்

ஜி.எஸ்.டி.யால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று டீக்கடையிலிருந்து டிவி வரைக்கும் பேசித் தீர்த்தாகிவிட்டது. அந்தப் பேச்சில் விட்டுப்போன ஒரே ஆசாமி, மாநகராட்சி.

ஜி.எஸ்.டி. கவுன்சிலின் ஓட்டுக் கணக்கைக் காமர்ஸ் மாணவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கு. அதோடு கணக்கு முடிந்தது. நகரங்களுக்குப் பூஜ்யம். விளம்பர வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டபோது, அது எந்த மாநகராட்சியின் கல்லாவிலிருந்து போகிறது என்று கேட்க அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை.

நாற்காலி இல்லாவிட்டால் கதவைத் தட்டலாமே? மும்பை தட்டியது. நகருக்குள் வரும் சரக்கின் மீது விதித்த ஆக்ட்ராய்தான் அதன் பெரிய வருமானம். ஆண்டுக்குச் சுமார் 7,000 கோடி ரூபாய். ஜி.எஸ்.டி. வந்தால் அது மொத்தமாகப் போய்விடும். 2017 பிப்ரவரியில்தான் அங்கே மாநகராட்சித் தேர்தல் முடிந்து, சிவசேனா மேயர் பதவிக்கு வந்திருந்தார். நஷ்ட ஈட்டை வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, சட்டத்தில் எழுது என்று பிடித்த பிடியில் நின்றார்கள். மகாராஷ்டிர அரசு அதற்கென்றே தனிச்சட்டம் போட்டது. மாதாமாதம் பணம், ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு. அந்த ஜூலையிலேயே முதல் தவணையாகச் சுமார் 647 கோடி வந்து சேர்ந்தது.

"அது சிவசேனா கூட்டணியில் இருந்ததால் நடந்த பேரம்" என்பார்கள். ஆமாம், பேரம்தான். பேரம் பேச ஓட்டு வாங்கிய ஆள் வேண்டும் என்பதுதானே இங்கே பேச்சு!

அதே ஜூலையில் சென்னையில் யார் இருந்தார்கள்? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றத்தின் பதவிக்காலமும் அந்த மாதமே முடிந்தது. பிறகு 2022 வரை மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. மாநில அரசு நியமித்த தனி அதிகாரிதான். அவர் தன்னை நியமித்தவர்களிடமே போய் நகரத்துக்காகச் சண்டை போடுவாரா என்ன?

இன்னொரு கூத்தும் அப்போதுதான் நடந்தது. ஜி.எஸ்.டி.க்கு மேல் உள்ளாட்சிகளுக்கென்று சினிமா டிக்கெட்டில் 30 சதவீத கேளிக்கை வரி என்று தமிழக அரசு அறிவித்தது. தியேட்டர்காரர்கள் ஜூலை 3 முதல் கதவைச் சாத்தினார்கள். சில நாளிலேயே அரசு வரியை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் கடைசியில் புதுத் தமிழ்ப் படங்களுக்கு 10 என்றார்கள். மறுபடி சண்டை, அக்டோபரில் 8. தியேட்டர்காரர்கள் மேல் தப்பே இல்லை. தங்கள் தொழிலுக்காகப் பேசினார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் பேரம் நடந்தது உள்ளாட்சிகளின் பணத்தில். மேஜையின் ஒரு பக்கம் சினிமா உலகம், மறுபக்கம் மாநில அமைச்சர்கள். பணத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் ஆப்சென்ட்.

சென்னையில் 16 எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்களே, போதாதா? போதாது. மாநகராட்சியின் வரவு செலவில் பள்ளம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. கட்சிக் கொறடா சொல்கிற பக்கம் கை தூக்க வேண்டிய கட்டாயம் எல்லோருக்கும் உண்டு.

"தேர்தல் நடந்தால் மட்டும் கிழித்துவிடுவார்களா?" என்று அலுத்துக்கொள்பவர்கள் மும்பையின் மிச்சக் கதையையும் பார்க்கலாம். 647 கோடிக்காக மல்லுக்கட்டிய அதே மாநகராட்சியில் 2022 மார்ச்சில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பட்ஜெட்டைப் போட்டதும் அதிகாரி, அதற்கு ஒப்புதல் கொடுத்ததும் அதிகாரி.