கலாநிதிப் பட்டத்துக்குப் பின்

கரவெட்டியிற் பிள்ளையொன்று கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்டால், “இனி உத்தியோகம் எப்போது?” என்பதே பெற்றாரின் முதற் கேள்வி. காணியை ஈடுவைத்துப் படிப்பித்தவர்கள் அவ்வாறு கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும், ஆராய்ச்சியாளன் தன் காலில் நிற்கப் பழகுவது பட்டத்துக்குப் பின்னரே.

காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். பின்னர் இரசாயனத்தை நாடினார். 1962இற் கலிபோர்னியாவிற் கலாநிதியானபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அப்போது அவர் ஏற்றது நிரந்தர உத்தியோகமன்று. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுப் புலமைப்பரிசில். அதன்வழி, நாசாவின் ஏம்ஸ் ஆய்வுகூடத்தை அடைந்தார். 1963இல் அங்கேயே பதவி கிட்டியது. 1969இல் அவுஸ்திரேலியாவில் வீழ்ந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் உள்ளமையை, அவரும் தோழர்களும் 1970இல் உலகுக்கு அறிவித்தனர்.

பெற்றாரே, இன்னும் இரண்டாண்டு பொறுத்தருளுங்கள். மாணவரே, இத்தகைய உதவியை நாடுமுன், அந்த ஆய்வுகூடத்து அறிஞரின் கட்டுரைகளைக் கற்று, அவருக்கு எழுதுங்கள். அவரும் ஒப்பும் ஆய்வுத் திட்டமே விண்ணப்பத்தின் உயிர். பட்டம் வாசல்வரை கொண்டுசெல்லும். கதவைத் தட்டவேண்டியவர் நீங்களே.