படுத்துக் கிடந்தால்தான் நோயாளியா?

சிக் லீவு போட்டவர் வீட்டில் சுருண்டு படுத்திருக்க வேண்டும். எழுந்து நடமாடினால் பொய். வேறோர் இடத்தில் நாலு காசு சம்பாதித்தால் மோசடி. இதை எந்த அலுவலகத்திலும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் மனப்பாடம். மேலாளருக்கு மட்டுமா? பக்கத்து சீட்டுக்காரருக்கும்தான். லீவில் இருப்பவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எச்.ஆருக்கு அனுப்பும் புண்ணியவான் பெரும்பாலும் அவர்தான்.

கடன் வசூலுக்குப் போன் பேசும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஹெட்செட்டை மாட்டினால் ஷிப்ட் முடியும்வரை கழற்ற முடியாது. தவணை கட்டாதவரை விரட்ட வேண்டும், அவர் வாய்க்கு வந்தபடி திட்டுவதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், மாதக் கடைசியில் டார்கெட் முடியவில்லை என்றால் டீம் லீடரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் போய்விட்டது, போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, ஒரு மாதம் வேலைக்குப் போகாதே என்று மனநல மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் எப்போதும்போலச் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். உடனே கேள்வி வரும்: “டியூஷன் எடுக்கத் தெம்பு இருக்கிறவளுக்கு நாலு போன் பேச முடியாதா?”

முடியாது. அவரைப் படுத்தியது உழைப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அந்த ஹெட்செட், அந்த வசவு, அந்த டார்கெட்தான் படுத்தியது. பின்னக் கணக்கு சொல்லிக் கொடுப்பதில் இவை எதுவும் இல்லை. சொல்லப்போனால், மனச்சோர்வில் இருப்பவரிடம் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வதே அறைக்குள் முடங்காதே, பிடித்த வேலை எதையாவது செய் என்பதுதான். நம் எச்.ஆர். துறைகள் எதிர்பார்க்கும் இலட்சிய நோயாளியோ விட்டத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடப்பவர்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. ‘பர்ன்-அவுட்’ என்பதை அது வேலையோடு தொடர்புடைய நிலை என்றே வரையறுக்கிறது. வாழ்க்கையின் மற்ற இடங்களுக்கு இந்தப் பெயரைப் பொருத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு வேலை ஆளை முடக்கும், இன்னொன்று முடக்காமல் விடும் என்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

நம் சட்டங்களின் அளவுகோல் ஆலைக் காலத்தது. 1948இல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டம் 63ஆம் பிரிவில் எழுதிவைத்தது இதுதான்: வேலை பார்த்த நாளுக்கு நோய்க்காலப் பணம் கிடையாது. தறியில் நிற்கும் தொழிலாளிக்கு டைபாய்டு வந்தால் இந்தக் கணக்கு சரி. காய்ச்சல்காரர் எந்தத் தறியிலும் நிற்க முடியாது. நோய் தலைக்குள் இருக்கும்போது அதே அளவுகோல் உதவாது. பிரிட்டனில் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். அங்கே 2010 ஏப்ரலில் பழைய ‘சிக் நோட்’ போய் ‘ஃபிட் நோட்’ வந்தது. இன்னின்ன மாற்றம் செய்து கொடுத்தால் இவர் வேலை பார்க்கலாம் என்று மருத்துவர் அதில் எழுதலாம். ஒரு வேலையில் நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டே இன்னொரு வேலைக்குத் தகுதியோடு இருக்க முடியும் என்பதையும் அந்நாட்டு அரசின் விதிகள் ஒப்புக்கொள்கின்றன. இதனால் அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

இங்கே இரண்டாவது வேலை என்றாலே கொதிப்பு. 2022 ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி ஐ.டி. துறையின் ‘மூன்லைட்டிங்’கை அப்பட்டமான ஏமாற்று என்று ட்வீட் செய்தார், அடுத்த மாதம் 300 பேரை நீக்கியதாகவும் சொன்னார். அது போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்தவர்களைப் பற்றிய விவகாரம், சரி. ஆனால் அதே இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் ஒருவர் 20 நிறுவனங்களில் இயக்குநராக இருக்கலாம் என்கிறது. இருபது நாற்காலி அனுபவம், இரண்டு நாற்காலி துரோகம்!

மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் காமாலை சர்டிபிகேட், அறுவடைக்கு முதுகுவலி சர்டிபிகேட். இவற்றைச் சிரித்துக்கொண்டே பாஸ் செய்கிற ஊர் இது. மன அழுத்தம் என்று உண்மையை எழுதினால்தான் விசாரணை. அதனால்தான் இத்தனை பேருக்கு வைரல் காய்ச்சல் வருகிறது.

ஏமாற்றுக்காரர்கள் இல்லையா? உண்டு. உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு எதிர்க் கம்பெனியில் அதே ஹெட்செட்டை மாட்டுகிறவர் ஏமாற்றுக்காரரேதான். ஈ.எஸ்.ஐ. பணத்தையும் கூலியையும் ஒரே நாளுக்கு வாங்குகிறவர் சட்டத்தை மீறுகிறார். விதி திருந்தும்வரை மாட்டிக்கொள்வார். அவர்களைப் பிடிக்க வேண்டுமானால் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே செய்த வேலை என்ன என்பது. வெளியே போனாரா, சிரித்தாரா, காசு வாங்கினாரா என்பதெல்லாம் வேவு.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஓய்வு தேவை’ என்ற ஒற்றை வரியோடு சர்டிபிகேட்டை முடித்துவிடாதீர்கள். நோயாளிக்குச் சம்மதம் என்றால், எந்த வேலை இவரால் இப்போது முடியாது, எது முடியும் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள்.